தன்னார்வக் குழுவுக்கு லோகோ: வாக்கெடுப்பு கடைசியில்தான்

தன்னார்வக் குழுவில் லோகோ பேச்சு எழுந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வரையத் தெரிந்த ஒருவர் நாலு படம் போட்டு வாட்ஸ்அப் குழுவில் விடுவார். "ரெண்டாவது சூப்பர்" என்று முதல் பதில் வரும். அடுத்த பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். ஒருவர் மட்டும் "பச்சைக்குப் பதில் நீலம் போட்டா எப்படி?" என்பார். பேச்சு இரண்டு வாரம் இழுத்து, யாருக்கும் முழுத் திருப்தி தராத ஒன்று முடிவாகும். அதை டி-சர்ட் அச்சடிக்கக் கொடுக்கும்போதுதான் ஐந்து நிறம், மயிரிழைக் கோடு, வெள்ளைப் பின்னணி போகாத படம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி கேட்ட வரிசைதான் தவறு. "எது பிடித்திருக்கிறது" என்பதைக் கடைசியில் கேட்க வேண்டும். அதற்கு முன்பே வேலைக்கு ஆகாதவற்றைக் கழித்துவிட்டால், மிஞ்சும் இரண்டு மூன்றில் எது ஜெயித்தாலும் குழுவுக்கு நஷ்டமில்லை.

முதல் வேலை, முடிவெடுப்பவர்கள் யார் என்று எழுதி வைப்பது. மூன்று பேர், மிஞ்சினால் ஐந்து பேர். மற்ற எல்லாரும் கருத்துச் சொல்லலாம். திருத்தம் கேட்கும் உரிமை இவர்களுக்கு மட்டும். வரைபவருக்குத் திருத்தங்கள் ஒருவர் வழியாகவே, ஒரே பட்டியலாகப் போக வேண்டும். இரண்டு சுற்றுத் திருத்தத்தோடு நிறுத்திக்கொள்வதாக முதலிலேயே பேசிவிடுங்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டு "கொஞ்சம் பெரிசா", "கொஞ்சம் மாடர்னா" என்று சொல்ல ஆரம்பித்தால், இலவசமாக வரைந்து தருபவர் மூன்றாவது வாரத்தில் போனை எடுக்க மாட்டார். அது நியாயம்தான்.

அடுத்து, வரும் ஓராண்டில் லோகோ எங்கெல்லாம் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், கடிதத் தாள், பேனர், டி-சர்ட், அடையாள அட்டை, சான்றிதழ், சமூக ஊடகப் பக்கங்களின் முகப்புப் படம், சுவரில் ஸ்டென்சில் (வெட்டிய அட்டையை வைத்துச் சாயம் பூசுவது). இந்தப் பட்டியலில் எது மிக மோசமான இடமோ அதற்குத்தான் வடிவமைக்க வேண்டும். பேனரில் எந்த லோகோவும் நன்றாகத்தான் தெரியும். 25 மி.மீ ரப்பர் ஸ்டாம்பிலும் போன் திரையின் ஓரத்தில் வரும் சின்ன வட்டத்திலும் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை.

உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா 1961-ல் வந்தது. அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு, கறுப்பு வெள்ளையில் எடுப்பாக இருக்கும், அச்சுச் செலவும் மிச்சம் என்பது ஒரு முக்கியக் காரணம். நன்கொடையில் ஓடும் அமைப்பு அப்படித்தான் யோசிக்கும். நமக்கும் அதே கணக்குதான்: ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு திரை. நிறம் கூடக் கூடத் திரையும் கூடும், செலவும் கூடும், நிறங்கள் ஒன்றுக்கொன்று விலகி விழும் வாய்ப்பும் கூடும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும் கிரேடியன்ட் கணினித் திரையில் அழகு. அதைத் துணியில் கொண்டுவரப் புள்ளிப் புள்ளியாக உடைக்க வேண்டும். எனவே இரண்டு நிறம் போதும். அதிலும் கறுப்பு ஒன்றை மட்டும் வைத்து நிற்காத வடிவத்தைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடலாம்.

படத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் குழுக்கள் அதிகம் வழுக்கும். மரம் நடுகிறோம், இரத்த தானம் செய்கிறோம், மாலை வகுப்பு எடுக்கிறோம், எனவே ஒரு செடி, ஒரு துளி, ஒரு புத்தகம், மூன்றையும் தாங்கும் இரண்டு கைகள், பின்னால் உதயசூரியன். இது லோகோ ஆகாது, செயல்பாட்டு அறிக்கை. அடுத்த ஆண்டு நீச்சல் பயிற்சி தொடங்கினால் மீனை எங்கே வைப்பது? ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவை மற்ற பத்துக் குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது எதுவோ அது. கோத்த கைகள், உலக உருண்டை, வட்டமாக நிற்கும் வண்ண மனிதர்கள், இரண்டு இலை விட்ட துளிர் ஆகிய நாலும் தேய்ந்துபோனவை. அவற்றில் ஒன்றை எடுத்தால் வேறு யாருடையதோ என்றுதான் நினைப்பார்கள். குறிப்பாக ஒன்றும் தோன்றவில்லை என்றால் படமே வேண்டாம். குழுவின் பெயரை நல்ல எழுத்துருவில், ஓர் எழுத்தில் மட்டும் சின்ன மாற்றத்தோடு போட்டால் அதுவே கண்ணியமான லோகோ.

வரைவதைக் கணினியில் தொடங்க வேண்டாம். ஒரு தாளில் 3 செ.மீ கட்டங்கள் இருபது போட்டு, தடித்த பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை. கட்டம் சின்னது, பேனா தடிமன், அதனால் நுணுக்கம் தானாகவே விழுந்துவிடும். இருபதில் நாலைந்து தேறினால் நல்ல அறுவடை.

தமிழ்ப் பெயர் தரும் வேலை

நம் குழுப் பெயர்கள் நீளமானவை. அதை வட்டமாக வளைத்து எழுதும் ஆசையும் நமக்கு அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ ஸ்டாம்பில் எழுத்து ஓடும் வட்டத்தின் விட்டம் சுமார் 21 மி.மீ; சுற்றளவு 66 மி.மீ. பெயரும் ஊரும் பதிவு எண்ணும் சேர்ந்து 40 எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு 1.6 மி.மீ அகலம். 'ணை', 'ஞ', 'ழு' எல்லாம் அந்த இடத்தில் மைக்கறையாகிவிடும். ஊரையும் பதிவு எண்ணையும் லோகோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்குக் கடிதத் தாளில் இடம் உண்டு. பெயர் நீளமென்றால் இரண்டு வரியாக அடுக்கி, படத்துக்கு வலப்பக்கமோ கீழேயோ வைப்பது நல்லது. பெயரில்லாத படம் மட்டும் தனியாக ஒரு வடிவம் இருக்கட்டும். 15 மி.மீ அகலத்துக்குக் கீழே போனால் படம் மட்டும்தான் என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

புள்ளியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எழுத்து உயரம் 2 மி.மீ ஆகும்போது மெய்யெழுத்தின் புள்ளி பொடியாகச் சுருங்கி, பிரதியெடுத்ததும் காணாமல் போகும். 'மன்றம்' 'மனறம' ஆகிவிடும். அல்லது மை பரவி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துருவை வடிவக் கோடுகளாக மாற்றிய பிறகு (எப்படி என்று கீழே வரும்) எல்லாப் புள்ளிகளையும் நாலில் ஒரு பங்கு பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்றே மேலே தூக்குங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும், பலன் ஆண்டுக்கணக்கில் தெரியும்.

ஸ்டென்சில் வெட்டுவதாக இருந்தால் வ, ள, ண போன்றவற்றின் மூடிய சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். சுழியை ஓரிடத்தில் 3 அல்லது 4 மி.மீ பாலம் விட்டுத் திறந்த தனி வடிவம் ஒன்று தேவை. எம்பிராய்டரியில் இன்னும் கறார்: 6 மி.மீ உயரத்துக்குக் கீழே தமிழ் எழுத்தைத் தைக்கச் சொல்லாதீர்கள், நூல் சுழிகளை அடைத்துவிடும்.

எழுத்துரு உரிமத்தையும் பாருங்கள். 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று வரும் இலவச எழுத்துருக்களைக் குழுவுக்கு எடுக்க முடியாது. லாபநோக்கமில்லை என்பதால் அது சொந்தப் பயன்பாடு ஆகிவிடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், பலூ தம்பி, மீரா இனிமை ஆகியவை எஸ்.ஐ.எல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. லோகோவில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொரு பழைய தொல்லை: கோப்பை அச்சகத்தில் திறக்கும்போது 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்பது. அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, அல்லது மென்பொருளில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் பொறி இயக்கப்பட்டிருக்காது. இது சின்னக் குழுக்களுக்கு மட்டும் நடப்பதுமில்லை. விக்கிப்பீடியாவின் லோகோவான புதிர் உருண்டை 2003-ல் வந்தபோது அதிலிருந்த தேவநாகரி (இந்தி எழுதும் லிபி) எழுத்தின் உயிர்க்குறி தப்பான பக்கத்தில் இருந்தது. ஜப்பானிய எழுத்திலும் பிழை. 2010-ல்தான் சரிசெய்தார்கள். தப்பிக்க வழி எளிது. இறுதி வடிவத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கக் கூடாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வெறும் வடிவமாகிவிடும். மாற்றுவதற்கு முன்பு திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமியுங்கள். மாற்றிய பின் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் அந்தப் பிரதி இல்லாமல் கஷ்டம்.

கழித்துக்கட்டும் சோதனைகள்

தேறிய நாலைந்தையும் ஒரே அளவில், கறுப்பில், ஒரே தாளில் அச்சடியுங்கள். படத்தின் அகலம் 25 மி.மீ. அதை ஒளிநகல் எடுங்கள், நகலை மறுபடி நகல் எடுங்கள். மூன்றாம் தலைமுறையில் எது முழுசாக இருக்கிறதோ அதுதான் ரசீதுக்கு ஆகும். மிகச் சிறிய அளவில் கோட்டின் தடிமன் 0.25 மி.மீக்குக் குறையக் கூடாது. கறுப்பின் மேல் வெள்ளைக் கோடென்றால் 0.35 இருக்கட்டும், மை இரு பக்கமும் பரவி வெள்ளையைத் தின்னும்.

பிறகு திரை. 1000 பிக்சல் சதுரத்தை வட்டமாக வெட்டினால் பரப்பில் 21.5 சதவீதம் மூலைகளோடு போய்விடும். வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம் 707 பிக்சல்தான். முக்கியமான எதுவும் நடுவிலுள்ள 700 பிக்சலைத் தாண்டக் கூடாது. அகலமான லோகோவை அப்படியே முகப்புப் படமாக ஏற்றினால் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான். அதே படத்தை 32 பிக்சலுக்கும் 16 பிக்சலுக்கும் சுருக்கிப் பாருங்கள். உலாவியின் தாவலில் வரும் அளவு அது. அங்கே ஏதோ ஒரு தெளிவான உருவம் தெரிந்தால் போதும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை, செலவே இல்லாதது. குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஐந்தாறு பேரிடம் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்; எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். கையில் ஏந்திய இலை என்று நீங்கள் நினைத்தது தீப்பந்தமாகத் தெரிந்திருக்கும், பறவை மீசையாகத் தெரிந்திருக்கும். இருவர் ஒரே தவறான பொருளைச் சொன்னால் அந்த வடிவத்தைத் திருத்துங்கள் அல்லது விடுங்கள். கையோடு பென்சிலைக் கொடுத்து ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லலாம். சுமாராகவாவது வரைய முடிந்தால் வடிவம் மனசில் நின்றிருக்கிறது.

இதெல்லாம் தாண்டிய பிறகே நிறம். வெள்ளைமேல் மஞ்சள் என்பது அடிக்கடி நடக்கும் தப்பு: தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 1.07-க்கு 1, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1, படக்குறிகளுக்கு 3-க்கு 1 கேட்கிறது. லோகோவுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்ல எண். ஆர்.ஜி.பி. (திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு) 11, 93, 59 என்ற அடர்பச்சை வெள்ளைமேல் 8-க்கு அருகில் வரும். சின்ன எழுத்துக்கும் தாங்கும். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்திருந்தால் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலானால் ஒளிநகலில் மட்டுமல்ல, சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கும் சிக்கல். திரையில் பளீரென்று மின்னும் பச்சையும் நீலமும் நாலு மை அச்சில் மங்கித்தான் வரும், அந்த நாலு மைகளின் (சி.எம்.ஒய்.கே.) அளவைத் தனியாகத் தீர்மானித்து, ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்த்த பிறகு எழுதி வையுங்கள்.

தொடவே கூடாத சின்னங்கள்

இரத்த தான, முதலுதவிக் குழுக்கள் கேட்காமலே எடுத்துக்கொள்வது வெள்ளைமேல் சிவப்புச் சிலுவை. அது மருத்துவத்துக்கான பொதுக்குறி அல்ல. 1949 ஜெனிவா ஒப்பந்தங்களால் பாதுகாக்கப்பட்ட சின்னம். முதல் ஒப்பந்தத்தின் 53-வது பிரிவு தனியாரும் சங்கங்களும் எக்காலத்திலும் அதையோ அதைப் போலத் தோன்றுவதையோ பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சிவப்புமேல் வெள்ளைச் சிலுவையும் சுவிட்சர்லாந்தின் சின்னம் என்பதால் அதே பிரிவில் அடங்கும். சிவப்புப் பிறையும், 2005-ல் சேர்ந்த சிவப்புப் படிகமும் அதே வகை. போர்க்களத்தில் சுடாதே என்று சொல்லும் குறி அது, அதனால்தான் இந்தக் கறார். துளி, இதயம், கட்டுத்துணி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

ஒலிம்பிக் வளையங்களுக்கு 1981 நைரோபி உடன்படிக்கை உண்டு. ஐ.நா. சின்னம், நாட்டுக் கொடிகள், அரசு முத்திரைகள் எதையும் உள்ளே இழுக்காதீர்கள். ஏதாவது ஒரு கட்சிக் கொடியின் நிறச் சேர்க்கையோடு ஒத்துப்போகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சட்டச் சிக்கல் வராது, ஆனால் ஆண்டு முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் உள்ளவற்றைப் படம் கொண்டு தேடும் வசதியில் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

வார்ப்புரு தளங்களில் கிடைக்கும் ஆயத்தப் படங்கள் உங்களுக்கு மட்டுமே சொந்தமாகாது. அதே இலை இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும், வணிகக்குறியாகப் பதிவதும் கஷ்டம். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படத்துக்கு வேறு குறைகள்: தமிழ் எழுத்து சிதையக்கூடும், கிடைப்பது பெரும்பாலும் பிக்சல் படம், மனிதப் படைப்பு இல்லாமல் கருவி மட்டுமே உருவாக்கியதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவதில்லை. யோசனைக்கு வைத்துக்கொண்டு, கையால் புதிதாக வரைவது உத்தமம்.

இப்போது வாக்கெடுப்பு

மூன்று வடிவத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள். காரணம் எளிய கூட்டல். 60 பேர் வாக்களிக்கிறார்கள். மூன்று இலை வடிவம், ஒரு கை வடிவம். இலைகளுக்கு 15, 14, 13, கைக்கு 18. கை ஜெயித்துவிட்டது, ஆனால் 42 பேருக்கு வேண்டியது இலை. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதற்குப் பதில், "எதெல்லாம் உங்களுக்குச் சம்மதம்? எத்தனையை வேண்டுமானாலும் குறிக்கலாம்" என்று கேட்டால் இந்தக் கோளாறு பெரிதும் குறையும். யார் வரைந்தது என்று சொல்லாமல் எண் மட்டும் போடுங்கள். வாக்கு ரகசியமாக, படிவம் வழியாக. குழு அரட்டையில் கேட்டால் முதல் ஐந்து பதில்தான் முடிவு செய்யும். மூன்று நாள் போதும். ஒவ்வொரு வடிவமும் ஸ்டாம்பில், டி-சர்ட்டில், முகப்புப் படத்தில் எப்படி இருக்கும் என்று ஒரே மாதிரி அமைத்துக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் அழகான புகைப்படத்தில் ஏற்றிக் காட்டினால் அதுதான் ஜெயிக்கும்.

திறந்த போட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாற்பது பேர் உழைத்து முப்பத்தொன்பது பேர் வருத்தத்தோடு போவது சின்னக் குழுவுக்குத் தாங்காது. விக்கிப்பீடியாவும், டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வக் குழுவும் போட்டி வைத்துத்தான் லோகோ தேடின என்பது உண்மை. அவற்றுக்கு ஆள்பலம் வேறு. டெபியனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 1999-ல் தேர்ந்தெடுத்த சுழியை யாரும் பயன்படுத்தலாம் என்று ஒரு வடிவம், அதிகாரபூர்வ வேலைக்கு மட்டும் என்று கட்டுப்பாடுள்ள இன்னொரு வடிவம் என இரண்டாக வைத்தார்கள். கிளைகளும் நண்பர் குழுக்களும் உள்ள அமைப்புக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும்.

முடிவானதும் காகித வேலை. காசு வாங்காமல் வரைந்து கொடுத்தாலும் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடம்தான் இருக்கும். எழுதிக் கொடுத்தால்தான் கை மாறும். நாலு வரி போதும்: இந்த லோகோவை நானே வரைந்தேன், வேறு யாருடைய படைப்பையும் நகலெடுக்கவில்லை; இதன் பதிப்புரிமையை முழுமையாக இந்தக் குழுவுக்கு அளிக்கிறேன்; நிறமும் வடிவமும் மாற்றக் குழுவுக்கு உரிமை உண்டு; என் படைப்புத் தொகுப்பில் இதைக் காட்டிக்கொள்வேன். தேதி, கையெழுத்து, லோகோவின் அச்சுப் பிரதி. குழு பதிவு செய்யப்படாததாக இருந்தால் யார் பெயரில் வாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கோப்புகளில் கேட்டு வாங்க வேண்டியவை: திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்தை வடிவமாக்கிய எஸ்.வி.ஜி.யும் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோப்பு வகை) பி.டி.எஃப்.பும், பின்னணி இல்லாத 2000 பிக்சல் பி.என்.ஜி., முழுக் கறுப்பு, அடர் பின்னணிக்கு முழு வெள்ளை, முகப்புப் படத்துக்கான சதுரம். கூடவே நிற எண்கள், எழுத்துருவின் பெயர், சுற்றி விட வேண்டிய இடம் எழுதிய ஒற்றைப் பக்கம். ஜே.பி.ஜி.யை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் வண்ணப் பேனரில் வெள்ளைப் பெட்டியோடுதான் லோகோ வரும், அந்த வடிவத்தில் ஒளிபுகும் பின்னணி கிடையாது. 500 பிக்சல் படத்தை ஒரு மீட்டருக்கு இழுத்தால் ஒரு பிக்சல் 2 மி.மீ சதுரமாகும், படிக்கட்டு போல ஓரம் தெரியும். 5 செ.மீ அகலத்தில் நல்ல அச்சுக்கே சுமார் 590 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். எல்லாம் குழுவின் பொது மின்னஞ்சலோடு இணைந்த சேமிப்பில் இருக்கட்டும், கடவுச்சொல் இருவரிடம்.

பழைய லோகோ ஒன்று புழக்கத்தில் இருந்தால் இணையப் பக்கங்களை ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ரசீதும் கடிதத் தாளும் தீரும்வரை ஓடட்டும். ரப்பர் ஸ்டாம்பை மாற்றும் முன் வங்கிக் கணக்கிலும் பதிவு ஆவணங்களிலும் பழைய முத்திரை பதிந்திருக்கிறதா என்று பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிந்திருந்தால் அங்கே மாற்றித் தரும்வரை பழைய ஸ்டாம்பைத் தூக்கிப் போட வேண்டாம்.